பெரிய ஃபைனான்சியல் டேட்டா கம்பெனில வேலை: சேரலாமா? உள்ள இருந்தவங்க சொல்லுங்க

2024 பிப்ரவரி 3, காலை 9.05 (கேள்வி)

எம்.காம் முடிச்சிட்டேன், ஊரு திண்டுக்கல் பக்கம். பெங்களூருல ஒரு பெரிய ஃபைனான்சியல் டேட்டா கம்பெனில ஆஃபர் வந்திருக்கு, போஸ்ட் பேரு டேட்டா அனலிஸ்ட். வெளிநாட்டுக் கம்பெனிங்களோட பேலன்ஸ் ஷீட்டப் பாத்து சிஸ்டத்துல ஏத்தணுமாம், ஷிஃப்ட் மாறி மாறி வருமாம். அப்பா இங்கயே ஆடிட்டர் ஆபீஸ்ல சேருங்கிறார். ஃப்ரெண்டு அது வெறும் டைப்பிங் வேலை, அனலிஸ்டுங்கிறது பேருக்குத்தாங்கிறா. நான் பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம், அந்தப் பயமும் இருக்கு. யாராவது இருந்தவங்க சொல்லுங்க அக்கா, அண்ணா.

2024 பிப்ரவரி 3, இரவு 10.20

நான் இருந்தேன் மா. 2014 ஜூன்ல இருந்து 2022 டிசம்பர் வரைக்கும், எட்டரை வருஷம், பெங்களூருலதான். கம்பெனி பேரு சொல்லப் போறதில்ல, கேக்காதீங்க.

டைப்பிங் வேலைங்கிறது பாதி சரி. முதல் ஆறு மாசம் கை மட்டும்தான் வேலை செய்யும். ஒரு அமெரிக்கக் கம்பெனியோட காலாண்டு அறிக்கை, டென் க்யூன்னு சொல்லுவாங்க, உன் க்யூல, அதாவது உனக்கான வேலை வரிசைல, வந்து விழும். இடது பக்கம் அந்த டாக்குமென்ட், வலது பக்கம் நம்ம டெம்ப்ளேட். அதுல இருக்கிற ஒவ்வொரு லைனையும் இதுல எந்தப் பெட்டில போடணும்னு நீ முடிவு பண்ணணும். இந்த 'முடிவு பண்ணணும்'ங்கிற இடத்துலதான் உன் ஃப்ரெண்டு சொல்றது தப்பாகுது. உதாரணத்துக்கு அமெரிக்கக் கம்பெனி 'காஸ்ட் ஆஃப் சேல்ஸ்'னு ஒரே லைன்ல குடுத்துடும். நம்ம ஊரு கம்பெனி அப்படிக் குடுக்காது, கம்பெனிச் சட்டத்தோட ஷெட்யூல் மூணு ஃபார்மட்ல மூலப்பொருள் செலவு தனி, வாங்கி விக்கிற சரக்கு தனி, ஸ்டாக் ஏற்ற இறக்கம் தனி, சம்பளம் தனின்னு செலவோட வகைப்படி வரும். லண்டன்ல ஒக்காந்திருக்கிற ஒருத்தர் ரெண்டு கம்பெனியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு கிராஸ் மார்ஜின், அதாவது சரக்குச் செலவு போக விற்பனைல மிஞ்சுற விகிதம், பாக்கணும்னா, நடுவுல யாரோ ஒருத்தர் இதையும் அதையும் ஒரே அச்சுல வார்த்திருக்கணும்ல, அந்த யாரோ ஒருத்தர்தான் நீ. அதுக்கு நோட்ஸ், அதாவது கணக்குக்குக் கீழ வர்ற விளக்கக் குறிப்பு, படிக்கணும். நோட்ஸ் படிக்கப் படிக்கத்தான் கம்பெனி எப்படி நடக்குதுன்னு புரியும். எனக்கு காலேஜ்ல அஞ்சு வருஷம் புரியாதது அங்க ஒரே வருஷத்துல புரிஞ்சுது.

தமிழ் மீடியம் பயம் பத்தி. நானும் ஐந்தொகை, பேரேடு, தேய்மானம்னு படிச்சவதான். அப்பாவுக்கு சிவகாசில மளிகைக்கடை, பற்று வரவு நோட்டு எழுதினதே நான்தான். ட்ரெயினிங்ல எல்லாரும் 'அக்ரூடு லயபிலிட்டீஸ்'னு இங்கிலீஷ்ல மனப்பாடம் பண்ணிட்டு இருந்தப்போ, எனக்கு அது கொடுபட வேண்டிய செலவுன்னு மனசுல ஏற்கனவே ஒரு இடம் இருந்துச்சு. பேச்சு இங்கிலீஷ்தான் கஷ்டம், அதுவும் ஒரு வருஷத்துல வந்துரும், வந்துச்சு.

2024 பிப்ரவரி 3, இரவு 11.50

ஷிஃப்ட் பத்தி சொல்லாம விட்டுட்டேன், தூக்கம் வரல, அதையும் எழுதிடறேன்.

அமெரிக்கப் பங்குச்சந்தை அவங்க ஊரு நேரம் சாயங்காலம் நாலு மணிக்கு மூடும். ஆப்பிள், அமேசான் மாதிரி பெரிய ஆளுங்க மூடின பிறகுதான் காலாண்டு ரிசல்ட் விடுவாங்க. நமக்கு அது ராத்திரி ஒன்றரை, குளிர்காலத்துல ரெண்டரை. அதனால இன்டர்வியூல "ரொட்டேஷனல் ஷிஃப்ட்"னு மட்டும் சொன்னா விட்டுடாத. எந்த நாட்டு டீம்னு கேளு. ஜப்பான், ஆஸ்திரேலியான்னா விடியக்காலைல எந்திரிக்கணும். ஐரோப்பான்னா மத்தியானத்துல இருந்து ராத்திரி வரைக்கும். அமெரிக்கான்னா முழு ராத்திரி. ஒரே கம்பெனிக்குள்ள இந்த மூணும் மூணு வேற வாழ்க்கை.

2024 பிப்ரவரி 4, காலை

மேல ஒருத்தர் "ரிசல்ட் எல்லாம் நெட்லயே சும்மா கிடைக்குது, இதுக்கு எவன் காசு குடுப்பான்"னு கேட்டிருக்கார். நியாயமான கேள்விதான்.

இந்தத் தொழில் ஆரம்பிச்சதே தகவல் கொஞ்சம் சீக்கிரம் வேணுங்கிற ஆசைல. ரெண்டு ஊருக்கு நடுவுல தந்திக் கம்பி இல்லாத இடைவெளி இருந்த காலம், 1850-ல ராய்ட்டர்ங்கிற மனுஷன் பிரஸ்ஸல்ஸ்ல இருந்து ஜெர்மனில இருக்கிற ஆகன் ஊருக்கு பங்கு விலையப் புறா மூலமா அனுப்பினார். அடுத்த வருஷம் லண்டன்ல ஆபீஸ் போட்டார். அப்புறம் 1981-ல சாலமன் பிரதர்ஸ்ங்கிற அமெரிக்க முதலீட்டு பேங்குல இருந்து வெளிய அனுப்பப்பட்ட மைக்கேல் ப்ளூம்பெர்க், கைல கிடைச்ச பத்து மில்லியன் டாலர வச்சு சொந்தமா கம்பெனி ஆரம்பிச்சார். மெரில் லிஞ்ச்தான் முதல் கஸ்டமர். சந்தைத் தகவல் காட்டுற அவரோட டெர்மினல் இன்னிக்கு உலகம் பூரா டீலர்ங்க மேஜைல இருக்கு. 2015 ஏப்ரல் 17 அன்னிக்கு அது சில மணி நேரம் படுத்துச்சு, பிரிட்டன் அரசாங்கம் மூணு பில்லியன் பவுண்டுக்கு ட்ரெஷரி பில்ங்கிற குறுகிய காலக் கடன் பத்திரம் விக்க இருந்தத அன்னிக்குத் தள்ளிப் போட வேண்டியதாச்சு.

காசு எதுக்குன்னா, ஆயிரக்கணக்கான கம்பெனி, இருபது வருஷக் கணக்கு, எல்லாம் ஒரே அச்சுல, தேடினா ஒரு நொடில. ஒரு கம்பெனி ரிசல்ட்ட நீங்களே படிச்சுக்கலாம். அஞ்சாயிரம் கம்பெனி ரிசல்ட்ட ராத்திரியோட ராத்திரியா படிக்க முடியாது. அதத்தான் பெங்களூரு, ஹைதராபாத், மும்பைல ஒக்காந்து நாங்க படிச்சோம். ராய்ட்டர்ஸ் 2004-லயே பெங்களூருல ஆபீஸ் திறந்து அமெரிக்கக் கம்பெனிச் செய்திகள இங்க இருந்து எழுத வச்சாங்க. இதே தொழில்ல இருக்கிற ஃபேக்ட்செட்டுக்கு ஹைதராபாத், மார்னிங்ஸ்டாருக்கு நவி மும்பை. சென்னையும் சும்மா இல்ல, 2005-ல கிரிசில்ங்கிற ரேட்டிங் கம்பெனி வாங்கின இரெவ்னா சென்னைல இருந்துதான் வெளிநாட்டு பேங்குகளுக்கு ரிசர்ச் செஞ்சு குடுத்துச்சு. பெங்களூரு தூரம்னு அப்பா யோசிச்சா சென்னைலயும் தேடிப் பாரு மா.

2024 பிப்ரவரி 6

வேலை நிரந்தரமான்னு ஒருத்தர் கேட்டார். வேலைய விட கம்பெனி பேரு சீக்கிரம் மாறும் இந்தத் துறைல. தாம்சனும் ராய்ட்டர்ஸும் 2008-ல சேர்ந்தாங்க. 2018-ல அதோட நிதித் தகவல் பிரிவுல 55 சதவீதம் பிளாக்ஸ்டோன்ங்கிற முதலீட்டுக் கம்பெனி தலைமைல போச்சு, பேரு ரெஃபினிட்டிவ் ஆச்சு. 2021 ஜனவரில அத லண்டன் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் குரூப் 27 பில்லியன் டாலர் டீல்ல வாங்குச்சு. ரேட்டிங், டேட்டா ரெண்டும் பண்ற எஸ் அண்ட் பி, மத்த டேட்டா கம்பெனிங்களான கேப்பிட்டல் ஐக்யூவ 2004-ல வாங்குச்சு, 2015-ல எஸ்என்எல்ல வாங்குச்சு, 2022-ல ஐஹெச்எஸ் மார்க்கிட்ட சேத்துக்கிச்சு. அதே நாற்காலில ஒக்காந்திருந்தவங்களுக்கே ஐடி கார்டு மூணு கலர்ல இருக்கும்.

ஒவ்வொரு தடவ சேரும்போதும் ரெண்டு கம்பெனிலயும் ஒரே வேலையப் பாக்குற ரெண்டு டீம் இருக்கும். ஒண்ணு போதும்னு ஆயிடும். எந்த டேட்டாபேஸ் ஜெயிக்குதோ அந்த டீம் நிக்கும். நல்லா வேலை செஞ்சியா இல்லையாங்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்காது. அப்படிப் போனவங்கள்ல என்னை விட நல்லா வேலை தெரிஞ்சவங்க இருந்தாங்க, அது இன்னும் என் மனசுல இருக்கு.

2024 பிப்ரவரி 11

ஞாயித்துக்கிழமை, கொஞ்சம் நேரம் கிடைச்சுது. நான் செஞ்ச ஒரு தப்ப எழுதறேன், ஏன்னா இந்த வேலைல என்ன பணயம்னு அதுல தெரியும்.

மூணாவது வருஷம் என்னை கார்ப்பரேட் ஆக்ஷன்ஸ் டீமுக்கு மாத்தினாங்க. போனஸ் (இலவசப் பங்கு), ஸ்ப்ளிட் (பங்க உடைக்கிறது), டிவிடெண்ட், ரைட்ஸ் (இருக்கிற பங்குதாரருக்குப் புதுப் பங்கு விக்கிறது) எல்லாம் பாக்குற டீம். பங்கு ரெண்டா உடைஞ்சா பழைய விலையெல்லாம் பாதியாக்கணும், இல்லன்னா சார்ட்ல ஒரே நாள்ல விலை பாதியா விழுந்த மாதிரி தெரியும். ஆப்பிள் 2014-ல ஒண்ண ஏழாக்கினப்பவும் 2020-ல ஒண்ண நாலாக்கினப்பவும் அப்படித்தான் பழைய விலை பூரா வகுத்திருக்கும்.

நான் அதுவரைக்கும் அமெரிக்க டீம்ல இருந்தவ. அங்க "டூ ஃபார் ஒன்"ன்னா கைல இருக்கிற ஒண்ணு ரெண்டாகும். நம்ம ஊருல போனஸ் 1:2-ன்னா அர்த்தமே வேற, ரெண்டு வச்சிருந்தா புதுசா ஒண்ணு, அதாவது ரெண்டு மூணாகும். 300 ரூபா பங்கு 200 ஆகணும். அன்னிக்கு 42 அறிவிப்பு என் க்யூல இருந்துச்சு. ஒரு சின்ன ஜவுளிக் கம்பெனியோட 1:2 போனஸ நான் ஒண்ணு ரெண்டுன்னு போட்டுட்டேன். பழைய விலை 150 ஆயிடுச்சு. மறுநாள் சந்தை திறந்ததும் 200-ல வியாபாரம் ஆகுது, நம்ம டேட்டாபேஸ்ல அந்தப் பங்கு ஒரே நாள்ல 33 சதவீதம் ஏறினதா காட்டுது. இந்தியாவுல இன்னிக்கு அதிகம் ஏறின பங்குன்னு ஒரு கிளையன்ட்டோட லிஸ்ட்ல முதல்ல வந்து ஒக்காந்துச்சு. அவங்க போன் பண்ணி, டிக்கெட் போட்டு, சரி பண்ணி முடிக்க நாலு மணி நேரம்.

எனக்கு அந்தக் குவார்ட்டர் ரேட்டிங் போச்சு. அத விட, அந்த நாலு மணி நேரத்துல யாராவது அத நம்பி வாங்கியிருப்பாங்களோன்னு ரொம்ப நாள் தோணிட்டே இருந்துச்சு. கடைல அப்பா ஒரு நாள் கணக்கு எழுதினதும் மறுபடி கீழ இருந்து மேல கூட்டிப் பாப்பார். மேல இருந்து கீழ ஒரு தடவ, கீழ இருந்து மேல ஒரு தடவ. அதுக்கப்புறம் நானும் ஒவ்வொரு போனஸுக்கும் பழைய விலைய பெருக்கிப் பாத்து, மறுநாள் விலையோட வச்சுப் பாத்துட்டுத்தான் அனுப்புவேன். ஒரு அறிவிப்புக்கு ரெண்டு நிமிஷம் கூட ஆகும். டார்கெட்ல அந்த ரெண்டு நிமிஷத்துக்கு இடமே கிடையாது, டீ பிரேக்க வெட்டித்தான் ஈடு கட்டினேன். இதுதான் நான் கம்பெனி மேல வச்சிருக்கிற பெரிய குறை. தப்பு வரக்கூடாதுன்னு போஸ்டர் ஒட்டுவாங்க, சரி பாக்குறதுக்கு நேரம் குடுக்க மாட்டாங்க.

2024 பிப்ரவரி 14

இன்னிக்கு இந்தியா டீம்ல இருக்கிறவங்க யாரும் சாப்பிட்டிருக்க மாட்டாங்க. குவார்ட்டர் முடிஞ்சு 45 நாளுக்குள்ள ரிசல்ட் குடுக்கணும்ங்கிறது பங்குச்சந்தைய ஒழுங்குபடுத்துற செபியோட விதி, டிசம்பர் குவார்ட்டருக்கு அந்தக் கடைசி நாள் இன்னிக்கு. சின்னக் கம்பெனிங்க மொத்தமா இன்னிக்குத்தான் கொண்டு வந்து கொட்டும், அதுவும் பாதி ஸ்கேன் பண்ணின பிடிஎஃப், சாஞ்சு கிடக்கும், முத்திரை நம்பர் மேலயே குத்தியிருக்கும். மூணா எட்டான்னு கூட்டிப் பாத்துத்தான் கண்டுபிடிக்கணும். ஒரு பக்கத்துல லட்சம், அடுத்த பக்கத்துல கோடின்னு இருக்கும், அதையும் பாரு. இதுல ஒரு சந்தோஷம் இருக்கு, அத நான் மறைக்க மாட்டேன். கூட்டல் சரியா வந்து நிக்கிற அந்த நிமிஷம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

2024 பிப்ரவரி 25

அந்தப் பொண்ணு லீவு பத்தி தனியா கேட்டிருந்தா. இத எழுத ரெண்டு வாரமா யோசிச்சேன்.

பொங்கல் ஜனவரி பாதில. அமெரிக்க பேங்குகளும் நம்ம ஐடி கம்பெனிங்களும் ரிசல்ட் விட ஆரம்பிக்கிறதும் அப்பதான். தீபாவளி அக்டோபர் கடைசி, நவம்பர்ல. அது ரிசல்ட் சீசனோட உச்சம். அதனால நம்ம ரெண்டு பெரிய பண்டிகையும் லீவு பிளாக் பண்ற வாரத்துலதான் வரும். எட்டு பொங்கல்ல ரெண்டுக்குத்தான் நான் வீட்ல இருந்தேன். மடிவாலால வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறுற கூட்டத்தப் பாத்துக்கிட்டே எதிர் திசைல கேப்ல ஆபீஸ் போன நாள் நிறைய.

2017 அக்டோபர்ல எங்க அம்மாச்சி தவறிட்டாங்க. ராத்திரி மூணு மணிக்கு மாமா போன் பண்ணார். டீம் லீட்கிட்ட சொன்னேன், கைல இருக்கிற மூணு டாக்குமென்ட முடிச்சிட்டுக் கிளம்புன்னாங்க. நானும் முடிச்சேன். முடிச்சிட்டு, கேப் கிடைச்சு, பஸ் கிடைச்சு நான் ஊருக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள எடுத்துட்டாங்க. முகம் பாக்கல.

அந்த லீட திட்டி ரொம்ப நாள் பேசியிருக்கேன். இப்ப யோசிச்சா, அவங்களும் ஒரு எண்ணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள்தான், ஆனா அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாது. நானும் அந்த மூணு டாக்குமென்ட அப்படியே வச்சிட்டு எந்திரிச்சிருக்கணும். புதுசா சேர்றப்போ மாட்டேன்னு சொல்லலாம்ங்கிறதே நமக்குத் தெரியாது. சொல்லலாம் மா. சாவுன்னா எந்திரிச்சு வந்துரு.

2024 மார்ச் 10

இன்னிக்கு அமெரிக்கால கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளுறாங்க. நாளைல இருந்து அமெரிக்க டீமுக்கு ஷிஃப்ட் ஒரு மணி நேரம் சீக்கிரம். வேலைய விட்டு ஒரு வருஷம் தாண்டியும் இந்தத் தேதி தானா ஞாபகத்துக்கு வருது.

பொண்ணுங்களுக்கு ராத்திரி கேப் வீட்டு வாசல் வரைக்கும் வரும், கடைசியா இறங்குறது பொண்ணுன்னா கூட செக்யூரிட்டி ஒருத்தர் வருவார். இது எங்க கம்பெனில ஒழுங்கா நடந்துச்சு, எட்டரை வருஷத்துல ஒரு நாள் கூட பயந்தது இல்ல. அப்பாகிட்ட இதச் சொல்லு. தங்குற பிஜி ஹாஸ்டல் மட்டும் ஷிஃப்டு ஆளுங்க இருக்கிற பிஜியா பாத்து எடு, இல்லன்னா பகல்ல தூங்க விட மாட்டாங்க. ராத்திரி ஷிஃப்ட் ரெண்டு வருஷத்துக்கு மேல வேண்டாம். எனக்கு நாலாவது வருஷம் மாதவிடாய் தாறுமாறாச்சு, டாக்டர் முதல்ல கேட்டதே எப்ப தூங்குறீங்கன்னுதான். ஐரோப்பா ஷிஃப்டுக்கு மாறின பிறகு எனக்கு மெதுவா சரியாச்சு.

2024 மார்ச் 23

சம்பளம். ஆரம்பச் சம்பளம் ஐடி கம்பெனிய விடக் கம்மியா இருக்கும், ஆடிட்டர் ஆபீஸ விட ரொம்ப அதிகமா இருக்கும். ஷிஃப்ட் அலவன்ஸ தனியா எண்ணாத, பகல் ஷிஃப்டுக்கு மாறின மாசமே அது காணாம போயிடும், அத நம்பி இஎம்ஐ போட்ட பொண்ணுங்க பகல் ஷிஃப்ட் கிடைச்சும் வேண்டாம்னாங்க. நோட்டீஸ் பீரியட் எங்களுக்கு 90 நாள். வேற கம்பெனி தொண்ணூறு நாள் காத்திருக்க மாட்டேன்னு ரெண்டு நல்ல ஆஃபர் எனக்குக் கைவிட்டுப் போச்சு. ஆஃபர் லெட்டர்ல அந்தப் பத்தியத் தேடிப் படி.

இன்னொண்ணு, பங்கு வாங்குறது. ரிசல்ட்டும் அறிவிப்பும் கை வழியா போற எடம்கிறதால உன் பேர்ல, வீட்டு ஆளுங்க பேர்ல இருக்கிற டீமேட் கணக்கு, அதாவது பங்கு வச்சுக்கிற கணக்கு, எல்லாத்தையும் சொல்லணும், வாங்குறதுக்கு முன்னாடி அனுமதி கேக்கணும், வாங்கினா குறிப்பிட்ட நாளுக்கு விக்கக் கூடாது. தம்பி ஐபிஓவுல, அதாவது புதுசா சந்தைக்கு வர்ற பங்குக்கு, விண்ணப்பம் போட்டான்னாலும் சொல்லணும். இது தொல்லைன்னு சிலர் சொல்லுவாங்க. எனக்கு இது சரின்னுதான் படுது.

அஞ்சு வருஷம் முடிச்சா, வேலைய விடும்போது கிராஜுவிட்டின்னு ஒரு மொத்தத் தொகை. பேசிக் 18,000-ன்னா வருஷத்துக்கு அரை மாசச் சம்பளம், 9,000, அஞ்சு வருஷத்துக்கு 45,000.

2024 மார்ச் 24

மேல கிராஜுவிட்டி கணக்கு தப்பு, கீழ ஒருத்தர் சரியா பிடிச்சார், நன்றி. சட்டப்படி மாசத்துக்கு 26 நாள்னு வச்சு வகுத்து, பதினஞ்சு நாள் சம்பளம். 18,000 வகுத்தல் 26, பெருக்கல் 15, பெருக்கல் 5. சுமார் 51,923 ரூபா வரும். ஆறாயிரத்துக்கு மேல குறைச்சு சொல்லிட்டேன்.

2024 ஏப்ரல் 14

புத்தாண்டு வாழ்த்து. "ஏஐ வந்தாச்சு, இந்த வேலையே இருக்காது, எதுக்கு அந்தப் பொண்ண அனுப்புறீங்க"ன்னு கோவமா ஒருத்தர் எழுதியிருந்தார்.

அந்தப் பயம் நிஜம்தான். எஸ் அண்ட் பி 2018-லயே கென்ஷோன்னு ஒரு ஏஐ கம்பெனிய 550 மில்லியன் டாலர் குடுத்து வாங்கினாங்க. போன வருஷம் மார்ச்ல ப்ளூம்பெர்க் நிதிக்குன்னே 50 பில்லியன் பாராமீட்டர்ல ஒரு மாடல் செஞ்சதா அறிவிச்சாங்க. அதுக்கு முன்னாடியே அமெரிக்கால 2009-ல இருந்து எக்ஸ்பிஆர்எல் வந்துருச்சு, கம்பெனியே ஒவ்வொரு நம்பருக்கும் டேக் போட்டு ஃபைல் பண்ணணும். நாங்க கையால ஏத்தினது குறைஞ்சு, சிஸ்டம் முன்னாடியே நிரப்பி வைக்கும், நாங்க சரி பாப்போம்னு மாறிச்சு.

சரி பாக்குறது ஏத்துறத விட கஷ்டம். நம்பர் ஏற்கனவே பெட்டில ஒக்காந்திருந்தா கண்ணு அத நம்பிடும். டென் க்யூல மூணு மாசக் கணக்கும் ஒன்பது மாசக் கணக்கும் பக்கத்துல பக்கத்துல இருக்கும். மெஷின் ஒன்பது மாசத்த எடுத்து மூணு மாசப் பெட்டில போட்டிருந்தா, உள்ளுக்குள்ள எல்லாம் கச்சிதமா கூட்டி வரும். தப்பே தெரியாது. போன குவார்ட்டர் என்ன வித்தாங்கன்னு ஞாபகம் இருக்கிற ஆளுக்குத்தான் "இது என்ன திடீர்னு மூணு மடங்கு"ன்னு உறுத்தும்.

அதனால நான் சொல்றது, ஏத்துற கையா மட்டும் இருந்தா ரெண்டு மூணு வருஷத்துல இடம் இருக்காது. அந்த உறுத்தல் வர்ற ஆளா ஆகணும். அதுக்கு ஒரு துறையப் பிடிச்சுக்கோ. பேங்கு, இன்ஷூரன்ஸ், எண்ணெய், எதுவா இருந்தாலும் சரி. நான் ஜவுளியும் ரீடெய்லும் பிடிச்சேன். அதனாலதான் இன்னிக்கு கோயம்புத்தூர்ல ஒரு மில்லு ஃபைனான்ஸ் டீம்ல ஒக்காந்திருக்கேன். இன்டர்வியூல அவங்க போட்டிக் கம்பெனியோட ஆண்டறிக்கையக் குடுத்து என்ன தெரியுதுன்னு கேட்டாங்க. இருபது நிமிஷத்துல சொன்னேன்.

2024 ஏப்ரல் 28

ஒரு விஷயம் மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. மேல நான் கூட்டல் சரியா வந்து நிக்கிற சந்தோஷம்னு எழுதினேன்ல. ஹைதராபாத் ஐடி கம்பெனி சத்யத்தோட பொய்க் கணக்கும் கூட்டினா சரியாத்தான் வந்துச்சு. 2009 ஜனவரி 7 அன்னிக்கு அதோட தலைவர் ராமலிங்க ராஜு தப்ப ஒத்துக்கிட்டு லெட்டர் எழுதற வரைக்கும், இல்லாத 5,040 கோடி ரூபா ரொக்கம் உலகத்துல இருக்கிற எல்லா டேட்டாபேஸ்லயும் சரியா, பிழையில்லாம ஏறி இருந்திருக்கும். அத ஏத்தினவங்க யாரும் தப்பு பண்ணல. கம்பெனி அறிவிச்சத அறிவிச்சபடி பதியறதுதான் அந்த வேலை. அத மீறி ஏத்துறவர் சொந்தமா திருத்த ஆரம்பிச்சா யாருமே அந்த டேட்டாவ நம்ப முடியாது, அதுவும் எனக்குத் தெரியும்.

ஆனா அங்க ஒக்காந்திருக்கிறப்போ சில கம்பெனியோட நம்பர் பாத்தாலே என்னமோ சரியில்லன்னு தெரியும். ரொக்கம் நிறைய இருக்கும், வட்டி வருமானம் வராது. லாபம் ஏறும், வசூல் ஏறாது, கஸ்டமர்கிட்ட இருந்து வர வேண்டிய பாக்கி மட்டும் ஊதிக்கிட்டே போகும். யார்கிட்ட சொல்றது? அந்த டெம்ப்ளேட்ல அதுக்குப் பெட்டி கிடையாது. ஒரு தடவ லீட்கிட்ட சொன்னேன், நம்ம வேலை அது இல்லம்மான்னு சொல்லிட்டாங்க, விதிப்படி அது சரிதான். அந்தப் பார்வைக்கு மதிப்பு இருக்கிற எடம் ரேட்டிங் ஏஜென்சி, கடன் குடுக்கிற பேங்கு, ஃபண்டு ரிசர்ச். அங்க போக இது நல்ல படிக்கட்டு. என் கூட இருந்தவங்கள்ல ரெண்டு வருஷத்துலயே சிஎஃப்ஏங்கிற முதலீட்டு ஆய்வுப் பரீட்சைல முதல் லெவல் எழுதினவங்க அப்படித்தான் நகர்ந்தாங்க. நான் அஞ்சாவது வருஷம்தான் யோசிச்சேன். அதுல எனக்கு வருத்தம் இருக்கு.

2024 மே 28

சின்ன குறிப்பு. இன்னிக்கு அமெரிக்கா டி பிளஸ் ஒண்ணுக்கு, அதாவது பங்கு வியாபாரம் ஆன மறு வேலை நாளே கணக்குத் தீர்க்கிற முறைக்கு, மாறியாச்சு, நாம போன வருஷம் ஜனவரிலயே மாறிட்டோம். அங்க இனிமே எக்ஸ் டேட்டும் (அன்னில இருந்து வாங்கினா டிவிடெண்ட், போனஸ் கிடைக்காது) ரெக்கார்ட் டேட்டும் (பங்குதாரர் பட்டியல் பாக்குற நாள்) பெரும்பாலும் ஒரே நாள். பழைய பழக்கத்துல எக்ஸ் டேட்ட ஒரு நாள் முன்னாடி போட்டா தப்பாயிடும். கார்ப்பரேட் ஆக்ஷன்ஸ்ல இருக்கிற பழைய கூட்டாளிங்க படிச்சா, பாத்து செய்யுங்க.

2024 ஜூன் 9

அந்தப் பொண்ணு எழுதியிருக்கா, சேர்ந்துட்டாளாம், ஐரோப்பா டீம் கேட்டு வாங்கியிருக்கா. அப்பாவே கூட வந்து பிஜில விட்டுட்டுப் போனாராம். ரொம்ப சந்தோஷம் மா.

நீ பாக்கப்போற கம்பெனிங்கள்ல குத்தகைக் கணக்கு முதல்ல குழப்பும். குத்தகைக்கான சர்வதேசக் கணக்கு விதி ஐஎஃப்ஆர்எஸ் 16 வந்தது 2019-ல, அதுக்கு முன்னாடி கடை வாடகை செலவுல போயிடும், இப்ப பேலன்ஸ் ஷீட்ல கடனா ஒக்காந்திருக்கு, செலவும் தேய்மானம், வட்டின்னு பிரிஞ்சுடுச்சு. கடைத்தெரு கம்பெனி, ஏர்லைன் கம்பெனில கடன் திடீர்னு ஏறியிருந்தா பயப்படாம அந்த நோட்டத் தேடு. அமெரிக்கால சாதாரண வாடகைக் குத்தகைக்கு இன்னும் ஒரே செலவாத்தான் காட்டுவாங்க, அதனால ரெண்டு ஊரு எபிட்டாவ, அதாவது வட்டி, வரி, தேய்மானம் கழிக்கிறதுக்கு முந்தின லாபத்த, அப்படியே பக்கத்துல வச்சுப் பாக்க முடியாது.

2024 ஜூன் 30

ட்ரெயினிங்ல கேட்ட கேள்விய இங்க போட்டிருக்க. அசோசியேட் கம்பெனில, அதாவது ஓரளவு பங்கு வச்சிருக்கிற இன்னொரு கம்பெனில, இருந்து வர்ற லாபப் பங்கு, வரிக்கு முந்தின லாபம்ங்கிற லைனுக்கு மேல இருக்கு, ஆபரேட்டிங் இன்கம்ல சேக்கலாமான்னு. உங்க டெம்ப்ளேட் கையேட முதல்ல பாரு, அதுதான் முடிவு. எங்களுக்கு இருந்த விதி, சேக்காத, அதுக்குன்னு தனிப் பெட்டி இருக்கும். அது அந்த இன்னொரு கம்பெனி வரி கட்டினதுக்கு அப்புறம் வர்ற லாபம், அதச் சேத்துக்கிட்டு வரி விகிதம் போட்டா கம்மியா காட்டும். வரி நோட்டத் திற, வரி விகிதத்த ஒத்துப் பாக்குற அட்டவணைல அந்த லாபத்த ஒரு லைன்ல தனியா கழிச்சிருப்பாங்க பாரு. கழிச்சிருந்தா நீ எடுத்த நம்பர் சரி. இல்லன்னா அந்தப் பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு அப்படியே தட்டி இங்க போடு, ராத்திரி பாக்குறேன்.